டயலில் நின்ற பனை

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். இதை எழுதும்போது என் முன்னால் ஒரு கைக்கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் டயலில் ஒரு மலை எழும்பி நிற்கிறது. மலையின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு பனைமரம். நிமிட முள் அந்தப் பனைக்கு மேலே வரும்போதெல்லாம், தட்டுமோ என்று எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். முள் தட்டாமல் போய்விடும். ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை அப்படித் தட்டாமல்தான் போகிறது.

அந்த மலையைச் செதுக்கியவர் என் வீட்டுக்காரரின் அக்காள். நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமான இரண்டாம் வருடமே தாலி இழந்து, பிள்ளையும் இல்லாமல், எலப்புள்ளியில் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தவர். இருவரும் ஒரே பஸ்ஸில் கஞ்சிக்கோட்டுக்கு, டயல் செய்யும் கம்பெனிக்குப் போவோம். அவருக்கு உளி வேலை, எனக்குச் செக்கிங். ரூபாய் நாணயம் அளவுப் பித்தளைத் தகட்டைச் சூடான அரக்கில் பதித்து, சுற்றியிருப்பதைச் சுரண்டி எடுத்து மலையை நிற்க வைப்பார். தூரத்து மலையைக் கல்லால் தேய்த்து மங்கவிடுவார். பக்கத்துப் பாறையைப் பளபளப்பாக விடுவார். நகத்தின் கனத்துக்குள் ஒரு காத தூரம் தெரியும். மணி முள் குட்டை, தாழ்வாகப் போகும்; நிமிட முள் நீளம், அதற்கு மேலே போகும். அதனால் நடுவில் எதுவும் உயரக் கூடாது, ஓரத்தில் கொஞ்சம் உயரலாம். “முள்ளு போறதுக்கு வழி உட்டுட்டா மிச்சமெல்லாம் நம்முளுது கண்ணு” என்பார் நங்கையா. அந்த மிச்சத்தில்தான் பனையை நிறுத்தினார்.

செக்கிங்கில் ஒவ்வொருத்திக்கும் சொந்தமாக ஒரு சோதனை முள் உண்டு. டயலின் நடுவில் மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும், எங்கும் தட்டக் கூடாது. நான் என் முள்ளைச் சிறிய டப்பாவில் போட்டு வீட்டுக்கும் கொண்டுவருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மூன்றாவது மகன் காலில் பனைமரச் சிராய், எங்கள் பேச்சில் பனஞ்சிலாம்பு, ஏறிவிட்டது. ஊசி அகப்படவில்லை. அந்த முள்ளாலேயே கிளறி எடுத்தேன். துள்ளிய காலை நங்கையா மடியில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார்.

மறுநாள் பனை டயல் என் மேசைக்கு வந்தது. முள் பனையில் தட்டியது. உரக்கவே சொன்னேன். “பன ஒசந்து போச்சுங்க, ஏணி வெச்சு எறக்கோணும்” என்று ஒருத்தி சிரித்தாள். சூப்பர்வைசர் வந்து பார்த்தார். நங்கையாவிடம், “ஏனுங்கக்கா, கண்ணு மங்கிப்போச்சுங்களா? நாளையிலிருந்து பெட்டி ஒட்டப் போங்க” என்றார். நங்கையா உளியைத் துடைத்து வைத்தார். என்னிடம், “முள்ள டப்பாவுல பத்தரமா வெய்யி” என்றார். அவ்வளவுதான்.

நாலாம் நாள் மற்றவர்கள் செய்த டயல்களும் தட்டின. லென்ஸில் பார்த்தேன். முள்ளின் முனை மயிரிழை கீழே வளைந்திருந்தது. நகத்தில் வைத்து நிமிர்த்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. என் செக்கிங் தப்பாது என்று பேர் இருந்தது, அதை விட மனம் வரவில்லை. நங்கையா ஒன்பது வருடம் பெட்டி ஒட்டினார். சாயங்காலம் அவர் விரல்களில் காய்ந்த பசையைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உரித்தெடுப்பார்கள். அந்த விரல்களாலேயே அவர்களுக்குச் சோறு ஊட்டுவார்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் ஒருமுறை அவரே சொன்னார்: “சிலாம்பு எடுக்கையிலயே முனை வளைஞ்சத நான் பாத்தேன் கண்ணு. சொல்லியிருந்தா உம்பட வேல போயிருக்கும். அஞ்சு புள்ளைக இருந்துச்சே.” ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம் நான். அவர் வாயைத் துணியால் துடைத்துவிட்டு, கஞ்சி ஆறிவிட்டது என்றேன்.

அவர் போன பிறகு, அவருடைய துணிப்பெட்டியில், சேலை மடிப்புக்குள் அந்தப் பனை டயல் இருந்தது. போன மாதம்தான் மகன் அதை ஒரு கடிகாரத்தில் மாட்டித் தந்தான்.

எழுத்துக் கூட்டி இதை எழுத எனக்கு எட்டு நாள் ஆனது. பேத்தியைக் கூப்பிட்டுப் படிக்கக் கொடுத்தேன்.

“அம்மாயி, ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்னு...”

“அங்கயே நில்லு சாமி. அதக் கோடு போட்டு அடிக்காத, அதும் எம்பட பொய்தான், இருக்கட்டும். கடைசில எழுது, ரெண்டு பேரும் வளத்தோம்னு. எழுதீட்டு மொதல்ல இருந்து சத்தமாப் படி.”

முள் பனையை நெருங்கிக்கொண்டிருந்தது.