லிட்டருக்கு எட்டு

கங்காதரனுக்குக் கோபம் சட்டென்று வராது. வந்துவிட்டால் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிற ஆள் மாதிரி லேசில் கிளம்பாது. கோவளத்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் படகில் ஏறினாலே குடல் வெளியே வந்துவிடும். இருபது வயதில் தாம்பரத்துக்கு ஓடிவந்து, லாரியில் கிளீனராக இருந்து, ஸ்டியரிங் பிடித்து, இரும்புலியூரில் ஒரு வாடகை வீட்டில் நிலைத்தான். மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்று ஊரில் சிரித்தவர்களைப் பதினைந்து வருடமாக அவன் மன்னிக்கவில்லை. திருவிழாவுக்குப் போனாலும் அவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டான். அப்படிப்பட்டவனைத்தான் லக்ஷ்மிநாராயணன் சார் திருடன் என்று சொல்லிவிட்டார்.

சார் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு காலனிவாசி. முப்பத்து மூன்று வருடம் பௌதிகம் நடத்தி ரிட்டையர் ஆனவர். உலகத்தில் எது நடந்தாலும் அதற்குக் காரணம் தமக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. இடது முழங்கால் தேய்ந்து போனதால், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத சின்ன ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை 2003 விஜயதசமி அன்று வாங்கினார். காலனிக்கே அது முதல் ஆட்டோமேட்டிக். பக்கத்து வீட்டுக்காரர்கள் குனிந்து குனிந்து, மூன்றாவது பெடல் எங்கே போயிற்று என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஓட்டத் தைரியம் வராததால், பத்து நாள் கழித்து மாதச் சம்பளத்துக்குக் கங்காதரனை வைத்துக்கொண்டார்.

வண்டி நல்ல வண்டிதான். குடிப்பதுதான் அதிகம். லிட்டருக்குப் பதிமூன்று கிலோமீட்டர் வரும் என்று விசாரித்த இடத்தில் எல்லாம் சொன்னார்கள். எட்டுதான் வந்தது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, வகுத்துப் பார்த்தாலும் எட்டுதான்.

சார் ஆராய்ச்சியில் இறங்கினார். டயர்களுக்குக் காற்று ஏற்றினார். ஏர் ஃபில்டரை மாற்றினார். பெட்ரோல் பங்கை மாற்றினார். டிக்கியில் இருந்த மடக்கு நாற்காலியையும் தண்ணீர்க் கேனையும் வீட்டில் இறக்கிவைத்தார். சித்திரை மாத வெயிலில் ஏசியை அணைத்து, மனைவி காமு மாமியை மயிலாப்பூர் வரை வேகவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அதற்கு அரைக் கிலோமீட்டர் கூடியது, மாமிக்கு மயக்கம் வந்தது. ஒவ்வொரு காரணமாக அடித்துக்கொண்டே வந்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு பொருள். அது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

2004 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. காலனிப் பிள்ளையார் கோவில் வாசலில் நாலு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, சார் அவனுடைய பையை வாங்கித் திறந்தார். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு முழம் ரப்பர் டியூப் இருந்தது.

"இது என்னடா?"

"கெர்சின் டியூப்பு சார். இன்னிக்கி ரேஷன்ல ஊத்துறாங்கோ. கேன்லேர்ந்து ஸ்டவ்வுக்கு வுடணும்னு வூட்ல வாங்கியாரச் சொல்லிச்சு."

"மண்ணெண்ணெய் விடவா, என் டேங்க்லேர்ந்து பெட்ரோல் உறிஞ்சவா?"

"இன்னா சார் இப்படிக் கேக்குற? மோந்து பாரு சார், புது டியூப்பு."

சார் மோந்து பார்த்தார். புது ரப்பர் வாசனையைத் தவிர ஒன்றும் வரவில்லை. ஆனால் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி தோத்தாத்ரியிடம் நீட்டினார். அவரும் மோந்து பார்த்தார், ஏதோ கண்டுபிடித்தவர் போலத் தலையை ஆட்டினார். நாலு பேரும் 'த்சொ' கொட்டினார்கள். கங்காதரன் சாவியைப் பிள்ளையார் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

வேலை போனது பெரிதல்ல. தாம்பரத்தில் டிரைவருக்கு வேலைக்கா பஞ்சம்? பெயர் போனதுதான் கொடுமை. ஒரே வாரத்தில் அவன் 'டியூப் கங்கா' ஆகிவிட்டான். ஆக்டிங் டிரைவர்கள் உட்காரும் டீக்கடையில் அவனைக் கண்டால், "மச்சான், ஸ்டாக் எவ்ளோ கீது?" என்று கேட்டுச் சிரித்தார்கள். காலனியிலிருந்து வந்துகொண்டிருந்த கல்யாணச் சவாரி, ஏர்போர்ட் சவாரி எல்லாம் நின்றன. மனைவி துர்கா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்பவள். காலனிக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு அம்மாள் வஞ்சிரத்தைப் புரட்டிக்கொண்டே, "உன் வூட்டுக்காரரு பெட்ரோல் உறிஞ்சுறாராமே" என்று கேட்டுவிட்டாள். துர்கா மீனைப் பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு வந்தவள்தான், பிறகு அந்தத் தெருக்கள் பக்கமே போகவில்லை. அவள் அழுததை அவன் பார்த்தான். அன்று உள்ளே குடிவந்த கோபத்துக்கு அவனே சாப்பாடு போட்டு வளர்க்க ஆரம்பித்தான்.

என்னென்னவோ யோசித்தான். குளிக்கும்போது யோசித்தான், பஸ்ஸில் தொங்கும்போது யோசித்தான். டேங்கில் சர்க்கரை போட்டுவிடலாமா என்று நினைத்தான். வண்டி என்ன பாவம் செய்தது என்று விட்டுவிட்டான். சாரை நடுரோட்டில் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கலாமா என்று நினைத்தான். கையில் ஆதாரம் இல்லாமல் கேட்டால் இன்னொரு முறை சிரிப்பார்கள். அவனுக்கு வேண்டியது ஒன்றுதான். அதே பிள்ளையார் வாசலில், அதே ஆட்கள் எதிரில், அதே வாயால், நீ திருடன் இல்லை என்று சார் சொல்ல வேண்டும். அதை வாங்காமல் விடுவதில்லை என்று துர்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "சத்தியம் பண்ண என் தலைதான் கெடச்சுதா?" என்றாள் அவள்.

அடுத்த வருடம் டாக்டர் ஞானஜோதி அம்மாவிடம் வேலை கிடைத்தது. இரும்புலியூரிலேயே கிளினிக். டியூப் கதையை யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். "எனக்கு நேரத்துக்கு வரணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அவர் புதிதாக வாங்கியிருந்ததும் அதே ஆட்டோமேட்டிக் வண்டி. நிறம்தான் வேறு. அது ஒழுங்காகப் பதிமூன்று கொடுத்தது. அதே கை, அதே கால், அதே ஜி.எஸ்.டி. ரோடு. இங்கே மட்டும் எப்படிப் பதிமூன்று? இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் திருமுடிவாக்கத்தில் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு மருத்துவ முகாம். பைபாஸில் போய்க்கொண்டிருந்தபோது கியர் மேல் கையை வைத்தான். குமிழின் பக்கவாட்டில் இருந்த சின்னப் பொத்தான்மேல் கட்டைவிரல் பட்டு அழுந்திவிட்டது. என்ஜின் உர்ரென்று கத்தியது. மீட்டரின் மூலையில், 'ஓ.டி. ஆஃப்' என்று ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

டாக்டர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "அந்தப் பட்டனை அமுக்கிட்டீங்களா? திரும்ப அமுக்கிடுங்க. டாப் கியர் விழாது. பெட்ரோலா குடிச்சுத் தள்ளும்."

அமுக்கினான். விளக்கு அணைந்தது. சத்தம் அடங்கியது. கங்காதரன் வண்டியை ஓரம் கட்டினான்.

சார் வண்டியில் அந்த மூலையில் விளக்கைப் பார்த்ததே இல்லை. பார்க்க முடியாது. அந்த இடத்தில் மீட்டர் கண்ணாடிமேல் குன்றத்தூர் முருகன் ஸ்டிக்கர் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினம் காலை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வண்டியை எடுத்தான். பொழுது சாய்ந்தால் முருகனைச் சுற்றி மெல்லிய ஆரஞ்சு ஒளி தெரியும். ஸ்டிக்கரே அப்படிப்பட்ட ஸ்டிக்கர் என்று நினைத்திருந்தான்! மாமி ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. புது வண்டிக்குப் பூஜை போட்டபோது மாமி கியருக்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தார். உடனே ஏதோ விளக்கு எரிந்தது. 'ஆஃப்' என்றுதானே போட்டிருக்கிறது, எதுவோ அணைந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சார் விளக்கம் கொடுத்தார். கண்ணை உறுத்துகிறதே என்று, குன்றத்தூரில் வாங்கிய முருகனை மாமி அதன்மேல் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வண்டி டாப் கியர் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பத்து மூன்று வருடப் பௌதிகம் ஒரு சந்தனப் பொட்டில் வழுக்கி விழுந்திருந்தது.

"என்ன கங்காதரன், தானா சிரிக்கறீங்க?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டரம்மா."

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். துர்காவும் அதைத்தான் சொன்னாள். "சொல்றதுக்கு ஒரு நேரம் கீது" என்று விட்டான். ஆயுத பூஜை அன்று காலனி வண்டிகள் எல்லாம் பிள்ளையார் வாசலில் வரிசையாக நிற்கும், மொத்தக் காலனியும் கூடும். அதற்காக ஏழு வாரம் காத்திருந்தான். இடையில் ஒருநாள் பங்கில் சாரைப் பார்த்தான். வேறு டிரைவர் வைக்காமல் அவரே ஓட்டப் பழகியிருந்தார். ஊத்து சார், நல்லா ஊத்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். அன்று முழுவதும் அவனுக்குப் பசிகூட எடுக்கவில்லை.

ஆயுத பூஜை வந்தது. டாக்டரிடம் அனுமதி வாங்கி, அவர் வண்டியைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, நேராகக் காலனிக்கு ஓட்டிக்கொண்டு போய் சார் வண்டிக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தினான்.

"நீ எங்கப்பா இங்க?" என்றார் தோத்தாத்ரி.

"புள்ளையாரு எல்லார்க்கும் பொதுதான சார்." சொல்லிவிட்டு லக்ஷ்மிநாராயணன் பக்கம் திரும்பினான். குரலை வேண்டுமென்றே உயர்த்தினான். "சார், இது டாக்டரம்மா வண்டி. உங்க வண்டியேதான், கலருதான் வேற. லிட்டருக்குப் பதிமூணு குடுக்குது. ஓட்டுறது நான்தான், டியூப்பு கங்கா. நான் போனப்புறம் உங்க வண்டி எவ்ளோ குடுக்குது, சொல்லு சார்."

கற்பூரத் தட்டோடு நின்ற குருக்கள் உட்பட எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் பிள்ளையாரைப் பார்த்தார். கங்காதரன் சார் வண்டியின் கதவுப் பிடியில் கையை வைத்துவிட்டான். திறந்து, முருகனை மெதுவாக உரித்து, விளக்கைக் காட்டி, பொத்தானை அமுக்க வேண்டியதுதான் பாக்கி.

அப்போதுதான் காமு மாமி வாயைத் திறந்தார். "எட்டுதான்டா கங்காதரா. நீ போன ரெண்டாம் மாசமே தெரிஞ்சுபோச்சு. இவர்தானே ஓட்டினார்? அப்பவும் எட்டுதான். நீ எடுக்கலைன்னு அப்பவே புரிஞ்சுது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிடலாம்னேன். 'அவன் வேற வேலைக்குப் போயிருப்பான், எதுக்குக் கிளறணும்'னு விட்டுட்டார். மனசுல வெச்சுக்காதேப்பா."

மாமி ஆறுதலாகத்தான் சொன்னார். இத்தனை நாள் கங்காதரன், அவர்கள் இன்னும் தன்னைத் திருடன் என்று நம்புகிறார்கள் என்று நினைத்துத்தான் வெந்துகொண்டிருந்தான். தெரியாமல் பழி போட்டவனையாவது மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு, அவன் டீக்கடையில் தலைகுனிந்து நிற்கட்டும், துர்கா தெருவைச் சுற்றிக்கொண்டு போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அழுகை வந்தது. அதைவிட வேகமாக ஆத்திரம் வந்தது.

"தப்புதான்ப்பா" என்றார் சார். "நீ எடுக்கலை. எல்லார் எதிர்லயும் சொல்றேன், போதுமா?" ஒரு நிமிஷம்கூடப் பொறுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அது சரி, பதிமூணு எப்படி வரது? உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்கு. என்ன கோளாறு?"

கங்காதரன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"தெரியும் சார். ஒரு விரல் வேலை. ஒரே செகண்டு."

"சொல்லேன்டா."

"நான் எடுக்கலைன்னு தெரிஞ்சி எத்தினி மாசம்மா சொல்லாம இருந்தீங்கோ?" என்று மாமியைக் கேட்டான்.

மாமி வெகுளி. நிஜமாகவே விரல் விட்டு எண்ணினார். "பதினாலு மாசம் இருக்குமா..."

"அப்ப நானும் பதினாலு மாசம் களிச்சி வந்து சொல்றேன்மா."

"என்னப்பா இது, விவரம் தெரிஞ்ச ஆள் பண்ற காரியமா?" என்றார் தோத்தாத்ரி.

"நீ அன்னிக்கி டியூப்ப மோந்து பாத்தியே சார். இன்னா வாசனை வந்துச்சு?"

தோத்தாத்ரி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கங்காதரன் எலுமிச்சம்பழத்தின்மேல் டாக்டர் வண்டியை ஏற்றி, திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

ஒரு மாதம் கழித்து ஜி.எஸ்.டி. ரோட்டுப் பங்கில் சாரை மறுபடி பார்த்தான். சார் மெலிந்திருந்தார். அதற்குள் ஸ்பார்க் பிளக்கையும் டயர்களையும் மாற்றிவிட்டார் என்று கேள்வி. டேங்க் நிரம்பிக்கொண்டிருந்தபோது அவனைப் பார்த்துவிட்டு, ஏதாவது சொல்வானா என்று தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். கங்காதரன் கண்ணாடியை இறக்கினான்.

"ஒரு மாசம் முடிஞ்சிது சார்" என்றான். "இன்னும் பதிமூணு கீது."