நீலத்துணி மேல் இரண்டு கொக்கு

முதலில் கிளியின் கண்தான் தப்பிப் போயிற்று.

என் கணவர் அப்போது புதுச்சேரியில் ஒரு மில்லுக்கு லேபிள் வரைந்துகொண்டிருந்தார். மில்லில் நெய்து நீலச் சாயத்தில் முக்கியெடுத்த துணி, பேல் பேலாக, பெரிய மூட்டைகளாகக் கட்டிக் கப்பலில் ஆப்பிரிக்காவுக்குப் போகும். ஒவ்வொரு பேலின் மேலும் ஒரு படம் ஒட்டுவார்கள். அங்கே வாங்குகிற சனங்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. கிளித் துணி, சேவல் துணி என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்களாம். படம் பிடித்துப் போனால் அந்த மில்லுக்கு வியாபாரம். அதனால் லேபிள் வரைகிறவருக்கு அங்கே கொஞ்சம் மரியாதை இருந்தது. வில்லியனூரில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து வரைவார். வாரம் ஒரு தடவை ரயிலேறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார்.

அன்று காலையில் காப்பி கொண்டுபோனேன். கிளிக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். தலைக்குள் இருக்க வேண்டிய கண்ணைக் கிளைமேல் வைத்துவிட்டு, அடுத்துச் சிறகுக்குப் போய்விட்டார்.

"கிளிக்குக் கண்ணு வெளிய இருக்குதுங்க" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. விரலால் காகிதத்தைத் தடவிக் கண்ணைத் தேடினார். ஈர மை இழுபட்டுக் கிளியின் முகமே கறுத்துப் போயிற்று. தூரிகையைக் கழுவி வைத்தார்.

"நடுவுல ஒரு பொகை மாதிரி நிக்குதுடி. ஓரத்துல தெரியுது. நடுவுல தெரியல. ஆறு மாசமா இருக்குது."

"வைத்தியரு?"

"டவுன் ஆஸ்பத்திரியில பாத்தாச்சி. ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. மில்லுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே முடிஞ்சிடும்."

அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. எனக்கு அழுகையைவிட முதலில் கோபம்தான் வந்தது. ஆறு மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

அந்தக் கிளியை வேறு காகிதத்தில் அவர் மறுபடி கோடு போட்டுத் தர, நான்தான் வரைந்து முடித்தேன். சின்ன வயதில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் படித்தவள் நான். துணியில் பூவேலை போடுவதற்கு முன்னால் காகிதத்தில் கோடு எடுப்பது அங்கே என் வேலை. கை நடுங்காது. நூலிழை போலக் கோடு வரும். அவர் பென்சிலில் போட்டு வைத்திருந்ததன் மேல் மை போடுவது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. மில்லில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியே சில லேபிள்கள் போயின. இனிமேல் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு மழைக்காலம் வரைக்கும்தான். அதற்குள் அவருக்குப் பென்சிலும் பிடிபடாமல் போயிற்று. அந்தச் சமயத்தில்தான் மில் ரைட்டர் ஒரு சிக்கலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் மில் ஆபீசில் கணக்கும் கடிதமும் பார்க்கிறவர். என் கணவரைவிடச் சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, நம்ம சேவல எவனோ காப்பியடிச்சிட்டான். அதே சேவலு, அதே மஞ்சளு. மட்டத் துணிய அந்தப் படத்த ஒட்டி விக்கிறானாம். அங்க துணி வாங்குனவன் சாயம் போவுதுன்னு நம்மளத் திட்டுறானாம். மில்லு துரை புதுசா ஒண்ணு கேக்குறாரு. அவசரம்."

ரைட்டர் போனவுடனே நான் காகிதத்தைப் பலகையில் ஒட்டினேன். என்ன வரையலாம்? எனக்கு அந்த ஒரு கேள்விதான். யானை என்று முடிவு செய்துவிட்டேன். அம்பாரி வைத்த யானை, முகபடாம், சுற்றிலும் கொடி, கொடிக்குள் பூ. மறுநாளே முகபடாத்தில் மணி மணியாகப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் தோன்றியதை விடாமல் பிடித்துக்கொண்டு அதை அழகாக்கிக்கொண்டே போனேன். அதுதான் வேலை என்று நினைத்தேன்.

என் கணவரோ வெறுமனே உட்கார்ந்திருந்தார். ரைட்டரிடம் சொல்லி ஒரு முழம் நீலத்துணி வரவழைத்தார். அதை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருப்பார். ஒருநாள் ரயிலேறி மில்லுக்குப் போய் வந்தார். துரையைப் பார்க்கவில்லை, பேல் கட்டுகிற கொட்டகையில் மூட்டைக்காரர்களோடு பேசிவிட்டு வந்தேன் என்றார். பேலை எப்படித் தூக்குகிறார்கள், எந்தப் பக்கம் மேலே வருகிறது, கப்பலில் எத்தனை அடுக்கு, உப்புத் தண்ணீர் படுமா, இப்படி என்னென்னவோ விசாரித்திருக்கிறார். சோற்றுக்கு வேலை செய்கிற மனிதர் ஊர்க்கதை பேசிவிட்டு வந்திருக்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் பாதி யானையை முடித்துவிட்டேன், இவர் இன்னும் ஒரு கோடு சொல்லவில்லை.

யானை முடிந்தது. நானே மெச்சிக்கொள்கிற மாதிரி வந்திருந்தது. அவர் முகத்தோடு ஒட்டி வைத்து ஓரக் கண்ணால் பார்த்தார். பிறகு நீலத்துணியைத் தோட்டத்துக் கிணற்றுச் சுவரில் தொங்கவிட்டு, அதன்மேல் படத்தைக் குத்தச் சொன்னார். கொல்லை வாசற்படியில் வந்து நின்றார்.

"இன்னா தெரியுது?"

"யானை."

"எனக்கு ஒண்ணும் தெரியல. ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிற மாதிரி இருக்குது."

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னா அதுக்கு யானை இன்னா பண்ணும்?"

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நீ வந்து இங்க நின்னு பாரு. யானைன்னு நீ வரைஞ்சது உனக்குத் தெரியும். அத மறந்துட்டுப் பாரு."

போய் நின்றேன். யானையின் கருநீலம் துணியின் நீலத்தோடு கலந்துபோயிருந்தது. பூவும் கொடியும் மணியும் சேர்ந்து ஒரே சாம்பல் திட்டாக இருந்தது. துறைமுகத்து வெயிலில் கண் கூச, பேல் அடுக்குக்கு எதிரே நிற்கிறவனுக்கு அதுகூடத் தெரியாது. எனக்கு அது புரிந்தது. ஆனாலும் அந்த யானையைக் கிழிக்க மனம் வரவில்லை. பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த நாள் எடுத்துப் பூவை மட்டும் குறைத்துப் பார்த்தேன். அதற்கடுத்த நாள் நீலத்தைப் பச்சையாக மாற்றிப் பார்த்தேன். யானையை விட்டு வெளியே வரவே எனக்குத் தெரியவில்லை.

அவர் அப்படி இல்லை. பலகையில் ஒன்றுமே இல்லாமல் வாயாலேயே படம் போடுவார், வாயாலேயே கிழித்துப் போடுவார். "நண்டு. வேணாம், காலெல்லாம் சிக்கலு. பானை. வேணாம், யாரு வேணும்னாலும் போடுவான். கை. வேணாம், அது ஏற்கெனவே ஒருத்தன்கிட்ட இருக்குது." ஒரு மத்தியானத்துக்குள் நாலைந்தைக் கொன்றுவிடுவார். எதன்மேலும் அவருக்குப் பாசம் இல்லை. வேண்டாம் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "பாத்தா தெரியும்" என்பார். சொல்லிவிட்டு அவரே அந்தச் சொல்லைக் கேட்டு நிறுத்திக்கொள்வார்.

கொக்கு என்று சொன்னது அவர்தான். சிவப்புப் பின்புலத்தில் வெள்ளைக் கொக்கு, வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். வரைந்து கிணற்றுச் சுவரில் குத்தினேன். பளிச்சென்று இருந்தது. எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று.

"இப்ப தலைகீழா குத்து" என்றார்.

"எதுக்கு?"

"மூட்டைக்காரன் பேலத் தூக்கிப் போடும்போது எது மேல எது கீழன்னு பாக்கறதில்ல. பாதி பேலு தலைகீழாதான் நிக்குது."

தலைகீழாகக் குத்திப் பார்த்தால் செத்த கொக்கைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. நான் அதோடு கொக்கைக் கைவிட்டுவிட்டேன். அவர் விடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "சீட்டுக்கட்டுல ராஜா எப்படி இருக்கான்?" என்று கேட்டார். மேலே ஒரு தலை, கீழே ஒரு தலை. எப்படித் திருப்பினாலும் ஒரு ராஜா நிமிர்ந்து நிற்பான். இரண்டு கொக்கு, ஒன்று மேல் நோக்கி, ஒன்று கீழ் நோக்கி, உடம்போடு உடம்பு பொருந்தி. வரைந்து பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் ரைட்டர் கொண்டுவந்த சிக்கல் அது இல்லையே என்று பிறகுதான் எனக்குப் பட்டது. அடுப்படியில் இருந்தபடியே சொன்னேன். "இது நல்லா தெரியுது, சரி. அந்தத் திருட்டுப் பயலும் இத ஒரே நாள்ல வரைஞ்சிடுவானே? எவ்வளவு லேசா இருக்குதோ அவ்வளவு லேசா காப்பியடிப்பான்."

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

"றெக்கைக்குள்ள நான் பூவேலை போடுறன்" என்றேன். "தையல் சாலையில போடுற லேஸ் மாதிரி, முடி கனத்துக்கு. கல்லுல படம் எடுத்துத்தான அச்சடிக்கிறாங்க, மட்டமான கல்லச்சுல அந்தக் கோடு ஏறாது, அடைச்சிக்கும். கைல எடுத்துப் பாக்கறவன் போலின்னு கண்டுபிடிச்சிடுவான்."

"மறுபடியும் பூவா? உன் யானை புத்தி போவலயா? நான் கஷ்டப்பட்டு எல்லாத்தையும் கழிச்சி வச்சா, நீ திரும்பக் கொண்டாந்து கொட்டுற."

பெரிய சண்டையாயிற்று. அவர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத வேண்டாம். நான் போட்டேன். சில வாரம் பிடித்தது. கொக்கின் சிறகுக்குள் மட்டும், ஓரத்தைத் தொடாமல். கிணற்றுச் சுவரில் குத்திவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"எங்க உன் பூவு? எனக்குத் தெரியலயே" என்றார்.

"தூரத்துல தெரியாமதான் இருக்கணும்."

சுவர்வரை வந்து துணியை விரலால் தடவினார். பிறகு, "குடுத்துடலாம்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரைட்டர் கல்லச்சுப் பிரதிகளோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. துரைக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். ஆனாலும் இன்னொரு நிறத்தில் ஒன்று போட்டுப் பார்க்கச் சொன்னாராம். இரண்டு பிரதியையும் என் கணவர் முன்னால் பாயில் விரித்தார். நான் கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"எதுண்ணே வச்சிக்கலாம்?"

என் கணவர் குனிந்து பார்த்தார். இடது பக்கத்துப் பிரதியைத் தொட்டார். "இந்தச் செவப்புதான் கெட்டியா இருக்குது. இதையே போடச் சொல்லு."

அவர் தொட்டது பச்சை.

ரைட்டர் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அண்ணே… இது பச்சைண்ணே."

என் கணவர் கையை எடுக்கவில்லை. அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்திருந்தார்.

"நான்தான் வரைஞ்சன் தம்பி" என்றேன். "யோசனை அவரோடது. கை என்னோடது. கிளியிலேருந்தே அப்படித்தான்."

"அந்தச் சன்ன வேலை?"

"அதுவும் நான்தான்."

ரைட்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். "அண்ணி, நான் வாய மூடிக்கிட்டு இருக்கலாம். நாளைக்கு ஒரு நெறம் மாறிப் பேலெல்லாம் போயிட்டா என் தலைதான் உருளும். எனக்கும் புள்ளைங்க இருக்குது."

"சொல்லிடுப்பா" என்றார் என் கணவர். "நீ சொல்லலன்னா நானே வந்து சொல்லுவன்."

மில்லில் கொக்கு லேபிளைச் சிவப்பில் எடுத்துக்கொண்டார்கள். அது கடல் தாண்டிப் போயிற்று. அதைத் திருட்டுத்தனமாகப் போட்டவன் அச்சில் சிறகு கரிப்பிடித்த மாதிரி வந்ததாக ரைட்டர் பின்னாளில் சொன்னார். ஆனால் என் கணவருக்கு அத்தோடு வேலை போயிற்று. வீட்டுப் பெண்ணிடம் மில் வேலை கொடுக்க முடியாது என்றார்களாம். அடுத்த லேபிள்கள் மதராசில் யாரோ வரைந்தார்கள். ரைட்டர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். தேர், தேருக்குள் சாமி, சாமிக்குச் சுற்றிலும் ஆயிரம் பூ. நான் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதன்பிறகு சின்னச் சின்ன வேலை வந்தது. சோடாக் கடைக்கு, பீடிக் கட்டுக்கு. என் கணவருக்கு வெளிச்சம் இருட்டு மட்டும் தெரிகிற நிலை வந்துவிட்டது. நான் வரைவதற்கு முன் அவர் கேள்வி கேட்பார், நான் பதில் தேடிப் போவேன். எங்களுக்குள் பேச்சு நடந்தது அந்தச் சமயங்களில் மட்டும்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிய வருஷம் பாகூரிலிருந்து தைல வியாபாரி ஒருவர் வந்தார். தலைவலித் தைலத்துக்கு லேபிள் வேண்டும் என்றார். அவர் வந்து போன இரண்டாம் நாள் என் கணவர் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"சீசா உருண்டையா, சப்பையா?"

"உருண்டை. படத்துல பாதிதான் முன்பக்கம் தெரியும். அதனால குறுகலா போடப் போறன்."

"எண்ணெய் வழிஞ்சா?"

"வழியும். கறுப்பு மைதான். கலர் வேணாம்னு வியாபாரிகிட்டயே சொல்லிட்டன்."

"வாங்குறது யாரு?"

"அறுப்பு அறுக்குற பொம்பளைங்க. சந்தையில நின்னு பாத்துட்டு வந்தன்."

அவர் வாயைத் திறந்தார். கேட்பதற்கு வேறு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. மில் வேலை போன நாளில்கூட அவர் முகம் அப்படி ஆகவில்லை. எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

படத்தை முடித்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்து வாயால் சொன்னேன். குறுகலான கட்டம், நெற்றியில் கை வைத்த ஒரு பெண், அவள் தலைக்கு மேலே ஒரு வளைந்த கோடு. கண்ணை மூடிக் கேட்டார்.

"அந்த வளைவ எடுத்துடு. வேண்டாத கோடு."

ஒரு நாள் முழுக்க அந்தக் கோட்டை மறைத்தும் திறந்தும் பார்த்தேன். அந்த வளைவு இல்லாவிட்டால் அவள் அழுகிறாள் என்று தோன்றியது. இருந்தால்தான் வலி என்று தெரிந்தது. அவர் சொன்னது தப்பு. பார்க்க முடிந்திருந்தால் அது வேண்டும் என்று அவரே சொல்லியிருப்பார்.

"அந்த வளைவ அப்படியே வச்சிட்டன்" என்று மறுநாள் சொன்னேன். "அது வேணும்ங்க."

"சரி" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனார். நான் லேபிளைச் சுருட்டித் துணியில் கட்டினேன். பாகூர் வண்டிக்கு நேரமாகியிருந்தது.