சண்முகவேலின் பார்க்கிற விமானம்

ஜன்னல் கண்ணாடியில் ஈ உட்கார்ந்ததும் சண்முகவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி டம்ளரை அதன் மேல் கவிழ்த்தார். மறு கையால் பழைய பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றை மெல்ல உள்ளே நுழைத்தார். "பயப்படாதே ராஜா, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று ஈக்கு ஆறுதல் வேறு. கோடையென்றால் வாசலில் விடுதலை. பனிக்காலத்தில் வெளியே விட்டால் அரை நிமிடத்தில் விறைத்துப்போகும் என்பதால், கைதியை வீட்டின் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் விடுவார்.

"எங்க வீட்டுக்காரர் கீழ லாட்ஜ் நடத்துறாரு. ஏப்ரல் வரைக்கும் ஒரு ரூமும் காலி இல்ல" என்பாள் மனைவி அனுசூயா. கேலிதான். ஆனால் சொல்லும்போது அவள் கண்ணில் ஒரு பெருமை மின்னும். சண்முகவேலுக்கு உலகத்தில் உள்ள ஒரே சொத்து அந்தப் பார்வைதான்.

திருநெல்வேலிச் சைவர். வயது நாற்பத்திரண்டு. ஆபீஸில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், கேக்கில் முட்டை இருக்குமே என்று அதைக் காகிதத்தில் சுற்றி, மரத்தடி அணிலுக்குக் கொடுத்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்பவர். கடல் கடந்து வந்து குடியேறிய கர்க்லாண்ட் என்ற ஊரின் வீட்டிலிருந்து தினமும் காலையில் காரில் கிளம்பி, ஆற்றுப் பாலத்தைக் கடந்து லொங்குய்ய் என்ற ஊருக்குப் போய், எஞ்சின் தொழிற்சாலை வாசலில் காவலாளியிடம் அந்த ஊர் வணக்கமாக "போன்ஜூர்" என்று குழைவார். உள்ளே போனதும் அந்தப் பசு, ஒரு போர் விமானத்துக்கு எஞ்சின் செய்யும்.

இரண்டு டர்போப்ராப் எஞ்சின், இரண்டு விசிறி. ஒன்று நின்றுபோனாலும் மற்றது வீடு கொண்டுவந்து சேர்க்கும். மீன்தொட்டி மாதிரி கண்ணாடிக் கூண்டு. குண்டும் குழியுமான சாலையில்கூட இறங்கும். காகிதங்களில் அதன் பெயர் 'இலகுரகத் தாக்குதல், கண்காணிப்பு விமானம்'. இதில் தாக்குதலை மட்டும் சண்முகவேல் தினமும் ஆபீஸ் மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வருவார்.

"பார்க்கிற விமானம்மா. தாழப் பறந்து, மெதுவா, நிதானமா பார்க்கும். அவ்வளவுதான்."

"என்னத்தப் பார்க்கும்?"

"காட்டுத்தீ, வெள்ளம்... வழி தப்பிப் போன ஆளுங்க..."

அனுசூயா உருகிவிட்டாள். 'உங்கள் மாப்பிள்ளையின் விமானம் காட்டில் ஒளிந்து கிடக்கிற மனிதரைக்கூடத் தேடிக் கண்டுபிடித்துவிடும்' என்று அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அப்பாவுக்கு எழுதினாள். அவர் அதைத் தெருவுக்கே படித்துக் காட்டினார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. தேடும், கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்யும் என்று கேட்கத்தான் அம்பாசமுத்திரத்தில் ஆளில்லை.

முதல் விமானம் பறந்த அன்று, சண்முகவேல் வேலை பார்த்த சோதனைப் பிரிவில் எல்லாருக்கும் ஒரு முழ நீளத்தில் பொம்மை விமானம் பரிசாகக் கிடைத்தது. இறக்கைக்கு அடியில் எட்டுக் குட்டிக் குண்டுகள், நல்ல பச்சையில். சண்முகவேல் வீட்டுக்குள் நுழையுமுன் கராஜில் நின்று, குறடால் எட்டையும் பிடுங்கி, ஓட்டைகளை மெழுகால் அடைத்தார். ஆனால் தூக்கி எறிய மனம் வரவில்லை. எஞ்சினியர் அல்லவா! ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஈக்களின் லாட்ஜில் உலைக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார்.

எழுபத்து மூன்றாம் வருஷ நவராத்திரிக்கு, கொலுப் பெட்டியை எடுக்க அனுசூயா கீழே போனாள். அன்று சாயங்காலம் சண்முகவேல் வீடு திரும்பியபோது கொலு தயார். நடுப்படியில், பிள்ளையாருக்கும் தவழும் கிருஷ்ணனுக்கும் இடையில், சந்தனப் பொட்டு வைத்த பார்க்கிற விமானம். கீழ்ப்படியில் கடை விரித்திருந்த செட்டியார் பொம்மைக்கு முன்னால் அரிசி, பருப்பு, மிளகாய். அதற்குப் பக்கத்தில், வாழையிலைத் துண்டில் வரிசையாக எட்டுப் பச்சைக் குண்டுகள்.

"கீழ பாட்டில்ல கெடந்துதுங்க. பழைய கொலுச் சாமான் போல. இந்த ஊர்ல வெண்டைக்காய் ஏது? செட்டியாராவது விக்கட்டுமேன்னு வச்சேன். நல்லாருக்கா?"

"நல்லா... இருக்கு" என்றார். 

கொலு பார்க்க முதலில் வந்தவள் பக்கத்துத் தெரு பத்மா. அண்ணன் தாம்பரத்தில் விமானப்படையில் இருப்பதை வாரம் ஒருமுறையாவது சொல்லாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. செட்டியாரிடம் குனிந்து ஒன்றை எடுத்தாள்.

"ஏன் அனு, எந்த ஊர் வெண்டைக்காய்க்கு வால்ல நாலு இறக்கை இருக்கு?"

அனுசூயா சிரித்தாள். பத்மா சிரிக்கவில்லை. விமானத்தைத் தூக்கித் திருப்பினாள். நகத்தால் சுரண்டினாள். மெழுகு உதிர்ந்தது. குண்டை ஓட்டையில் வைத்து அழுத்தினாள். டக்கென்று பொருந்தியது. அவ்வளவு துல்லியமான வேலை.

"சண்முகவேல் சார், பார்க்கிற விமானம்னு சொன்னீங்க?"

"பார்க்கவும் செய்யும்" என்றார் சண்முகவேல்.

இடி விழவில்லை. அனுசூயா மயங்கி விழவில்லை. கையிலிருந்த தட்டுகூட நழுவவில்லை. பத்மாவுக்குக் குங்குமம் கொடுத்தாள், சுண்டலைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள், வாசல்வரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய பெருமை இல்லை.

"அனு, நான் அதை ஓட்டலை. குண்டும் நான் பண்ணலை. என் வேலை அதிர்வு பார்க்கிறது மட்டும்தான். எஞ்சின் ஆடாம இருக்கணும், அவ்வளவுதான்."

"ஆடாம இருந்தா என்னங்க ஆகும்?"

இப்படி ஒரு கேள்வியை ஆபீஸில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. பாவம், பொய் சொல்ல நேரமும் கிடைக்கவில்லை.

"ஓட்டுறவனுக்குக் குறி தப்பாது."

அனுசூயா அடுக்களைக்குப் போனாள். அவருடைய கண்ணாடி டம்ளரோடும் பொங்கல் வாழ்த்து அட்டையோடும் வந்தாள். செட்டியார் முன்னால் மண்டியிட்டு, ஒரு குண்டின் மேல் டம்ளரைக் கவிழ்த்தாள். அட்டையை அடியில் மெல்ல நுழைத்தாள். அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"வெளிய விட்டுட்டு வாங்க."

சண்முகவேல் வாங்கிக்கொண்டார். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகவே அட்டையை அடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கதவைத் திறந்து படியில் நின்றார். எதிர்வீட்டுப் புல்வெளியில் யாரோ காய்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தார்கள். குளிர்காற்று உள்ளே வந்து கொலுவின் விளக்கை ஆட்டியது. அவர் அட்டையை உருவவில்லை.