றெஜினாவின் புதன் காலைகள்

புலம்பெயர்ந்து வந்து அஜின்கோர்ட் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்ச் சனத்தில் யாருக்கு என்ன அவசரம் என்றாலும் முதல் போன் றெஜினாவுக்குத்தான் வரும். பாண் சுடும் தொழிற்சாலையில் அவளைப் பின்னேர வேலைக்கு மாற்றிய பிறகு அது இன்னும் கூடிவிட்டது. "றெஜினாவைக் கேளுங்கோ, அவ காலமை சும்மாதானே இருக்கிறா" என்று எல்லோருமாகச் சேர்ந்து முடிவு கட்டியிருந்தார்கள். ஒருவருடைய பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும், இன்னொருவருக்கு டொக்டரிடம் துணைக்குப் போகவேண்டும், மாதா கோயில் விழா வந்தால் தின்பண்டத்துக்கு றோல்ஸ் சுற்றிக் கொடுக்கவேண்டும். அவளும் முகம் சுளிக்காமல் செய்துகொண்டுதான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து தேத்தண்ணியோடு மேசையில் இருந்தபோது, வருகிற கிழமையை மனதில் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு நாளும் நிறைந்து கிடந்தது. அதில் ஒன்றுகூட அவளுடையதாக இல்லை.

அவளுக்கென்று ஒரு ஆசை இருந்தது. வேலைக்குப் போக பஸ் தரிப்பில் நிற்கும்போது மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ் ஒன்று தினமும் அவளைக் கடந்து போகும். உயரமான இருக்கையில் இருந்து, அந்தப் பெரிய ஸ்ரியரிங்கை ஒரு பெண் அநாயாசமாகச் சுற்றிக்கொண்டு போவாள். 'நானும் ஒருநாள்' என்று றெஜினா எத்தனையோ வருடம் நினைத்திருக்கிறாள். அந்த ஒருநாள் எந்தக் கிழமையிலும் வந்து சேரவில்லை.

எழும்பிப் போய், குளிர்சாதனப் பெட்டியில் தொங்கிய கலண்டரை எடுத்துவந்தாள். மற்றவர்களுடைய வேலைகளை எழுதுமுன், புதன்கிழமைக் கட்டத்தில் 'பஸ்' என்று எழுதினாள்.

கணவன் கிளிபோட் எட்டிப் பார்த்தான். "உதென்ன பஸ்?"

"ஸ்கூல் பஸ் ஓடப் பழகப்போறன்."

"எங்கட காரைப் பார்க் பண்ணவே என்னைக் கூப்பிடுறனீர்."

"அதுதானே பழகப்போறன் எண்டுறன்."

முதலில் எழுத்துச் சோதனைக்குப் படித்தாள். அது பிரச்சினையில்லாமல் முடிந்தது. பிறகு பள்ளிக்கூட பஸ் ஓட்டும் கொம்பனி ஒன்றின் வளவில் பயிற்சி. ஆனால் வீதிச் சோதனையன்று வலப்பக்கம் திரும்பும்போது பின் சில்லு நடைபாதையில் ஏறி இறங்கியது. சோதனையில் தவறிவிட்டாள். வீட்டுக்கு வந்து நேரே சமைக்கத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிறு கலண்டரோடு இருந்தபோது அவளுக்கு ஒன்று விளங்கியது. 'பஸ்' என்று எழுதினால் சனிக்கிழமை வரும்போது அதைச் செய்தோமா இல்லையா என்று எப்படிச் சொல்வது? வருகிற புதனில் எழுதியிருந்த அந்தச் சொல்லை வெட்டிவிட்டு, 'வலப்பக்கம் திரும்புதல். சில்லு ஏறக்கூடாது' என்று எழுதினாள்.

அந்தக் கிழமைதான் கிளிபோட்டின் அக்கா மரியம்மா போன் எடுத்தாள். பேத்தி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மை, வீட்டில் பெரிய கொண்டாட்டம்.

"புதன் காலமை வாரும் றெஜினா, றோல்ஸ் சுத்தவேணும்."

"புதன் ஏலாது மச்சாள். வியாழன் வாறன்."

"புதன் என்ன? உமக்குப் பின்னேரம்தானே வேலை?"

"இது என்ர வேலை மச்சாள்."

"சரி, உம்மட விருப்பம்" என்று மரியம்மா போனை வைத்துவிட்டாள். ஆனாலும் புதன்கிழமை பயிற்சி வளவுக்குத்தான் போனாள். பயிற்சி கொடுப்பவர் போதும் என்று சொல்லும்வரை ஒரே மூலையில் திரும்பித் திரும்பிப் பழகினாள். வியாழன் சொன்னபடி போய் றோல்ஸும் சுற்றிக் கொடுத்தாள். மரியம்மா அவ்வளவாக முகம் கொடுக்கவில்லை. "றெஜினா முந்தி மாதிரி இல்லை" என்ற கதை நாலு வீடு சுற்றி அவள் காதுக்கே வந்தது.

ஒவ்வொரு கிழமையும் ஒரு சின்ன விசயம். பின்னுக்கு எடுத்தல், ரயில் பாதைக்கு முன்னால் நிறுத்தல், கண்ணாடிகளை மாறி மாறிப் பார்த்தல். இரண்டாம் முறை சோதனைக்குப் போனபோது எந்த மூலையிலும் சில்லு ஏறவில்லை. சோதித்தவர், பாஸ் என்று சொல்லித் தாளை நீட்டிவிட்டு இறங்கிப் போனார். றெஜினாவுக்கு இறங்க மனம் வரவில்லை. ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி அப்படியே இருந்தாள்.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, பழகிய அதே கொம்பனி அவளுக்குக் காலை நேர பஸ் ஒன்றை ஓடக் கொடுத்தது. முதல் தரிப்பில் ஏறிய சின்னப் பெண், "நீங்களா புது டிரைவர்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ஓம்" என்று பதில் தமிழில் வந்துவிட்டது. பிள்ளை அதைப் பெரிதாக எடுக்காமல் போய் இருந்துகொண்டது.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது, படியில் மரியம்மா இரண்டு பெண்களோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட தம்பியின்ர மனிசிதான் அது. பெரிய ஸ்கூல் பஸ் ஓடுறா. லேசுப்பட்ட வேலையே?"

"பஸ் அவ்வளவு பெரிசோ?" என்றாள் ஒருத்தி.

வேறு நாளாக இருந்தால் றெஜினா தலையைக் குனிந்துகொண்டு காருக்குப் போயிருப்பாள். இன்று நின்றாள்.

"ஓம், பெரிசுதான்," என்றாள். "எழுபது பிள்ளையள் ஏறி இருக்கலாம். நான்தான் ஓடுறன்."