மதினி தெளியவைத்த தண்ணீர்

அண்ணன் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மாடக்குழி உண்டு. அதில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தாங்கொட்டை கிடக்கும். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிட்டது. காலையில் தண்ணீர் இறைத்து வந்ததும் மதினி அதை நனைத்து, மண்பானையின் உள்பக்கத்தில் வட்டமாக உரசுவார். சரக், சரக் என்று அந்தச் சத்தம் வாசல்வரை கேட்கும். பிறகு தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிடுவார். சோறு வடிப்பதற்குள் அழுக்கெல்லாம் அடியில் படிந்து, மேல் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். மதினி பிறந்தது திருச்சுழிப் பக்கம். அங்கே ஊருணித் தண்ணீரை அப்படித்தான் குடிப்பார்கள். கல்யாணமாகி வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பழக்கம் அது.

எங்கள் ஊருக்கு வந்த பிறகு வெகுகாலம் அவருக்கு அது தேவைப்படவில்லை. சுற்று வட்டாரத்தில் கிணறுகள் எல்லாம் உப்பாக இருக்க, அண்ணன் புஞ்சையின் ஓரத்தில் இருந்த கிணறு மட்டும் நல்ல தண்ணீர். அப்புறம் ஓடைக்கு அந்தப் பக்கம் கல்குவாரி வந்தது. தோண்டத் தோண்டப் பள்ளத்தில் தண்ணீர் ஊறியது. அதை மோட்டார் வைத்து ஓடையில் விட்டார்கள். கல்தூளைக் கரைத்துக்கொண்டு வந்த தண்ணீர் ஓடையில் தேங்கி, மெல்ல மெல்லக் கிணற்றுக்குள் இறங்கியது. வாளியைத் தூக்கினால் அரிசி களைந்த தண்ணீர் போல வெள்ளையாக வரும். அப்போதுதான் மதினி மறுபடியும் தேத்தாங்கொட்டையை எடுத்தார். "உங்க மதினி தேய்க்கிற தேய்ப்புல குவாரியே கரைஞ்சிரும் போலடா" என்று அண்ணன் கேலி செய்வார். அப்போது அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது.

நான் அருப்புக்கோட்டையில் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவன். ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அண்ணன் அப்படி இல்லை. திருச்சுழிக்கு பஸ் ஏறி ஏறி, ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்து, கடைசியில் ஒரு பேச்சுக்கு வழி செய்தார். அதிகாரி முன்னால் குவாரிக்காரர் ஒப்புக்கொண்டார்: கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்கு எடுக்கட்டும், கெட்டுவிட்டது என்று வந்தால் ஓடையில் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுகிறேன் என்று. அன்று அண்ணன் கடைக்கே வந்து என்னைக் கூப்பிட்டு டீ வாங்கித் தந்தார். "கெணறு பொழைச்சுக்கிரும்டா" என்றார்.

தண்ணீர் எடுக்க ஆள் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் நான் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். காலையிலிருந்து யாரும் வரவில்லை. மிளகாய்ச் செடிக்குக் களை எடுக்க அண்ணனும் நானும் மேலப் புஞ்சைக்குப் போய்விட்டோம். உச்சி வெயிலில் திரும்பும்போது ஜீப் ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. மதினி வாசலில் சந்தோஷமாக நின்றார்.

"வந்துட்டுப் போயிட்டாக. பாவம், சின்னப் பையன். வேர்த்து ஊத்திப்போயி வந்தாரு. குடிக்கத் தண்ணி கேட்டாரு, குடுத்தேன். ரெண்டு செம்பு குடிச்சாரு."

"கெணத்தக் காமிச்சியா?"

"கயிறு எடுக்கத்தான் போனேன். இது அந்தக் கெணத்துத் தண்ணிதானேம்மான்னாரு. ஆமா தம்பி, காலையில எறைச்சதுன்னேன். அப்ப இதுவே போதும்னு பானையில மோந்து பாட்டில்ல ஊத்திக்கிட்டாரு."

அண்ணன் கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தார். "ஏ புள்ள, கலங்கல் தண்ணியக் காட்டத்தான அவுகள வரச் சொன்னோம்?"

"வீட்டுக்கு வந்த மனுசருக்கு அந்த வெள்ளைத் தண்ணியவா குடுக்கச் சொல்றீக?"

மதினியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்தேன். அவர் உள்ளே போய்ப் பானையை மூடினார். ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது, குடிக்கலாம் என்று முடிவு வந்தது. அண்ணன் திரும்பவும் போனார். ஒருதரம் எடுத்தாகிவிட்டது என்றார்கள். தேத்தாங்கொட்டையைப் பற்றி அவர் சொன்னபோது அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். குவாரி மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த கோடையில் அண்ணன் கிணற்றுக்குள் இறங்கித் தூர் வாரினார். கூடையில் மேலே வந்தது சேறு இல்லை, சுவருக்குப் பூசுகிற சாந்து மாதிரி ஒரு வெள்ளைக் களி. அது ஊற்றுக்கண்ணை எல்லாம் அடைத்து இறுகிக் கிடந்தது. கடப்பாரையால் குத்திப் பார்த்தார். ஊற்று திறக்கவே இல்லை. மிளகாய்ச் செடி காய்ந்தது. மாட்டை விற்றார்கள். இப்போது அண்ணன் அதே குவாரியில் லோடு ஏற்றப் போகிறார். வேறு எங்கே போவது என்று யாராவது சொன்னால்தானே?

மதினியை யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் அழுதாவது தீர்த்திருப்பார்.

போன மாதம் போயிருந்தேன். குடிதண்ணீர் வண்டி வந்தது. மதினி குடம் வாங்கி வந்து, "இருங்க தம்பி, தண்ணி தாரேன்" என்று அடுப்படிக்குப் போனார். வண்டித் தண்ணீரில் கலங்கல் என்று எதுவும் இல்லை; அடியில் படிவதற்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் மாடக்குழியில் கை போனது. சரக், சரக் என்று சத்தம் கேட்டது. என்னோடு பேசிக்கொண்டிருந்த அண்ணன் பாதிப் பேச்சில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு, நேரமாவதற்கு முன்பே குவாரிக்குக் கிளம்பிவிட்டார்.