நத்தைகள் இறங்காத சேறு

நிர்மலா மேடம் இறந்த செய்தி எனக்குக் கல்லூரியிலிருந்து வரவில்லை. திருப்பாலைவனம் நிறுத்தத்தில் பேருந்து நின்றிருந்தபோது குப்பம்மா போன் செய்தார். பழவேற்காடு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். "சார், நம்ப மேடம் பூட்டாங்க சார். காலைல நெஞ்சு வலினு இட்டுனு போனாங்களாம். போய்ச் சேர்றதுக்குள்ள..." என்றார். பிறகு இருவருமே போனை வைக்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகும் அவர் பக்கத்துக் காற்றின் இரைச்சல் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

விலங்கியல் துறையில் மேடத்தோடு ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். அவருடைய தட்டுகளை இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் சிரித்தும் இருப்பீர்கள். அகலமான பிளாஸ்டிக் தட்டு. ஒரு பாதியில் ஓரிடத்துச் சேறு, மறுபாதியில் வேறிடத்துச் சேறு. நடுவில் அரிசிமணி அளவுள்ள நத்தைகளை விடுவார். அவை எந்தப் பக்கம் போகின்றன, எங்கே புதைகின்றன, எதைத் தொட்டுவிட்டுத் திரும்புகின்றன என்று பார்த்துக்கொண்டே இருப்பார். தட்டின்மேல் நம் நிழல் விழுந்தால் கோபம் வந்துவிடும். "நான் கேக்கறது ஒரே கேள்விதான் சார். உனக்கு எங்க இருக்கப் பிடிக்குது? அது மெதுவாதான் பதில் சொல்லும். நடுவுல நாம பேசக்கூடாது" என்பார்.

ஒரு கோடையில் சேறு எடுக்கப் பழவேற்காடு ஏரிக்கு நானும் உடன் போயிருந்தேன். பெண்கள் வழக்கமாக இறால் பிடிக்கும், கரையோரத்து வளைவு ஒன்று. நீர் வடிந்த சேற்றுத்தரை ஒருபோதும் மௌனமாக இருக்காது. எண்ணற்ற வளைகளில் குமிழ்கள் உடைந்து, எண்ணெயில் ஏதோ பொரிவதுபோலச் சன்னமாக ஒலித்துக்கொண்டிருக்கும். நடந்துகொண்டிருந்த நிர்மலா நின்றார்.

"சார், கேக்குதா?"

"என்ன மேடம்?"

"அதான். ஒண்ணுமே கேக்கல."

குனிந்து பார்த்தோம். வளை இல்லை. நத்தை ஊர்ந்த கோடு இல்லை. நண்டு உருட்டிப்போட்ட மண்ணுருண்டை ஒன்றுகூட இல்லை. வெயிலில் அந்தத் தரை யாரோ துடைத்துவைத்ததுபோல வழவழத்துக் கிடந்தது. கொஞ்சம் தள்ளிப் போனால் மறுபடி எல்லாம் இருந்தன. கொக்குகள் அந்த விளிம்போடு வரிசையாக நின்றன. உள்ளே ஒன்றும் கால் வைக்கவில்லை.

அந்தச் சேற்றைத் தட்டில் போட்டபோது நத்தைகள் அதைத் தொட்டதும் திரும்பின. வேறு கரையிலிருந்து புதியவற்றைக் கொண்டுவந்தார், அவையும் அப்படியே. கடைசியில் இரண்டு பாதியிலும் அதே சேற்றை நிரப்பி மூடிவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் சேற்றில் ஒன்றும் இல்லை. எல்லா நத்தைகளும் பக்கச்சுவரில் ஏறி, மூடியின் உட்புறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கிடந்தன. பகல் முழுதும் ஒன்றும் இறங்கவில்லை. உப்பு, ஆக்சிஜன், அமிலத்தன்மை என்று எங்களால் முடிந்ததையெல்லாம் அளந்தோம். மற்ற இடங்களில் இருந்ததுபோலத்தான் இருந்தது. எனக்கு அந்த அறையில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை. ஏதோ சாக்குச் சொல்லி நூலகத்துக்குப் போய்விட்டேன்.

நிர்மலா கரைக்குப் போனார். இடுப்பளவு நீரில் உட்கார்ந்து, கைகளால் அடிச்சேற்றைத் துழாவியபடியே நகர்வதுதான் அந்தப் பெண்களின் வேலை. அவர்கள் இறங்கும் நேரத்தில், "அந்த வளைவுல மட்டும் வேண்டாம்மா" என்றார்.

"இன்னாத்துக்கு?" என்றார் குப்பம்மா. "இப்போதான் அந்த ஓரத்துல எறா அள்ளுது."

"தெரியல. அங்க சேத்துக்குள்ள ஒரு உயிரும் தங்க மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"தெரியாமயேவா வேணான்ற? நல்லா கீதே."

தண்ணீரில் விஷம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், கேட்பார்கள் என்று நிர்மலாவிடம் தனியாகச் சொன்னேன். மறுத்துவிட்டார். "பொய்யா ஒரு காரணம் சொன்னா, அது சரியாயிடுச்சுன்னு யாராவது சொன்ன உடனே இறங்கிடுவாங்க சார்." அதற்கப்புறம் தினமும் போய் அந்த வளைவின் முன்னால் நின்றார். ஏச்சு வாங்கினார். குப்பம்மா அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் தன் கூட்டத்தை வேறு பக்கம் அழைத்துப் போனார்.

அது நடந்தது ஒரு நண்பகலில். காற்று இல்லை, ஏரி அசையவில்லை. "இன்னும் எத்தினி நாளிக்கு மா இப்டி?" என்று சண்டை பிடிக்கக் குப்பம்மா வந்திருந்தார். வளைவில் வலை கட்டுவதற்காக ஊன்றிய கழிகள் வரிசையாக நின்றன. நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் கழி இறங்கத் தொடங்கியது. சாயவில்லை, ஒடியவில்லை. கீழிருந்து யாரோ பிடித்து நிதானமாக இழுப்பதுபோல நேராக உள்ளே போனது. அடுத்தது, அதற்கடுத்தது. சிறு சத்தம்கூட இல்லை. கடைசிக் கழியும் மறைந்ததும் அங்கே தண்ணீர் கறுத்து, மெல்ல ஒருமுறை சுழன்று அடங்கியது.

குப்பம்மா நிர்மலாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "அங்கதான் மா நான் குந்துவேன்" என்றார். "எப்பவும் அங்கதான்."

ஊரில் புதைசேறு என்றார்கள். சாமி குற்றம் என்றார்கள். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். துறைக் கூட்டத்தில், முன்கூட்டியே கண்டுபிடித்தவர் என்று மேடத்தைப் பாராட்டியபோது அவர் எழுந்து, "நான் எதையும் கண்டுபிடிக்கல. அதுங்க எங்க போகலன்னு பாத்தேன். ஏன் போகலன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நாம் எல்லோரும் இருந்தோம், நினைவிருக்கும். அதன்பிறகு கடைசிவரை அந்த 'ஏன்' அவருக்குப் பிடிபடவில்லை.

மேடம் இறந்த அன்று அவர் வீட்டு வாசலில் குப்பம்மாவும் அவர் கூட்டத்துப் பெண்களும் சற்று ஒதுங்கி நின்றார்கள். மேடத்தின் தம்பி அவர்களிடம் போய், நீங்கள் யார் என்று கேட்டார். "நாங்க உயிரோட கீறவங்க" என்றார் குப்பம்மா. தம்பிக்குப் புரியவில்லை.

போன மாதம் ஒருநாள் தேநீர் குடிக்கும்போது, அந்த நண்பகலை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறதா என்று மேடத்திடம் கேட்டேன். "இருக்கு சார். இருக்கட்டும். அது போயிடுச்சுன்னா நான் பாக்கறத நிறுத்திட்டேன்னு அர்த்தம்" என்றார்.

அவருடைய பொறுமை எனக்கு வரவில்லை. அந்தக் கண்ணும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பயம் ஒன்றுதான். அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன்.