ஜெபகுமார் திருப்பி வைத்த இரண்டு விநாடி

2011 டிசம்பர் 14, புதன்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குக் கலைவாணி முதன்முதலாக ‘ஜெபா சவுண்டு சர்வீஸ்’ கடைக்குள் நுழைந்தாள். பெரிய காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் இருந்தது அந்தக் கடை. அவள் கையில் ஒரு பென்டிரைவ். சென்னையில் பதிவுசெய்த அரைமணி நேர நாட்டிய இசையை, ஒத்திகையில் எந்த இடத்திலிருந்தும் தொடங்க வசதியாக, ஒன்பது துண்டுகளாக நறுக்கி அதில் தந்திருந்தார்கள்.

“டான்ஸ் கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதை சிடியில போட முடியுமா?”

“முடியாதுன்னு சொல்றதுக்கா மாசாமாசம் வாடகை குடுத்துக்கினு குந்தியிருக்கேன்? உக்காருங்க டீச்சர். டீ ஆறதுக்குள்ள ஆயிடும்,” என்றார் ஜெபகுமார்.

அவர் பேச்சு எப்போதும் அந்தத் தினுசுதான். தென்னேரிப் பக்கம் பிறந்தவர். அவருடைய அப்பா ஆயுள் முழுக்கப் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். மகனோ பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு கேசட் கடையில் சேர்ந்து, அறுந்த நாடாவை ஒட்டக் கற்று, கேசட் போய் சிடி வந்தபோது கணினியையும் வசப்படுத்திக்கொண்டார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சர்ச் பாடகர் குழு என்று ஊரின் சத்தமெல்லாம் அவருடைய ஒயர்களின் வழியேதான் போயிற்று.

கலைவாணி பன்னிரண்டு சிறுமிகளுக்கு நடனம் கற்பித்தது, அவள் வீட்டில் தறி ஒன்றை எடுத்துவிட்டதால் காலியாகக் கிடந்த கூடத்தில். அவளுடைய அப்பா கைலாசம் கணக்காகப் பேசும் நெசவாளி. “பங்குனித் திருவிழாவுல ஆட்டம் நல்லா வந்தா எடம் உனக்கு. சொதப்பினா மறுநாளே அங்க தறி போட்டுடுவேன்,” என்று சொல்லிவிட்டிருந்தார்.

ஒத்திகை தொடங்கியது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன், பாட்டு இரண்டு விநாடி அற்றுப்போயிற்று. நெசவு வீட்டுப் பெண்ணுக்கு அது குறையாகவே படவில்லை. தறியில் நீளவாக்கில் கட்டிய ஒரே பாவில் அடுத்தடுத்துப் புடவை நெய்யும்போது, ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே கொஞ்ச தூரத்தை நெய்யாமல் வெறும் இழையாக விடுவார்கள். வெட்டிப் பிரிக்க அந்த இடம் வேண்டும். துண்டாக நறுக்கிய பாட்டுக்கும் அப்படித்தான் போலும் என்று எண்ணினாள். ஒவ்வோர் இடைவெளியிலும் இரண்டு முறை காலைத் தட்டி, முத்திரையோடு அசையாமல் நிற்கப் பிள்ளைகளைப் பழக்கினாள். மூன்று மாதப் பயிற்சியில் அது அவர்கள் காலிலேயே ஊறிவிட்டது.

விழா நாள் வந்தது. ஒத்திகை வட்டில் கீறல் விழுந்திருந்ததால், காலையில் புதிதாக ஒன்று போட்டுத் தரச் சொன்னாள். மேடைக்கு ஒலிபெருக்கி வைத்தவரும் ஜெபகுமார்தான் என்பதால், வட்டை அவரே கொண்டுவந்தார். மாலை நான்கு மணிக்குச் சன்னதித் தெரு மேடையில் ஒருமுறை ஆடிப் பார்த்தார்கள். முதல் துண்டு முடிந்தது. சிறுமிகள் காலைத் தட்டி நின்றார்கள். பாட்டு நிற்கவில்லை. பாதிப் பேர் தாளத்தைத் துரத்தி ஓடினார்கள். மீதிப் பேர் நின்ற இடத்திலேயே விழித்தார்கள்.

கலைவாணி ஒலிபெருக்கிப் பெட்டியிடம் ஓடினாள். “அண்ணா, பாட்டை என்ன பண்ணீங்க?”

“கேட்டீங்களா? சும்மா வழுக்கிக்கினு போவுதில்ல? நடுவுல இருந்த கேப்பெல்லாம் தூக்கிட்டேன்!”

“யாரு தூக்கச் சொன்னது?”

“என்னம்மா இது! கல்லு பொறுக்கிக் குடுத்தா அரிசி கொறையுதுன்னு சண்டைக்கு வரீங்க?”

அவள் பாவின் கதையைச் சொன்னாள். மூன்று மாதமாகப் பிள்ளைகளை அந்த இடைவெளிக்குப் பழக்கியதையும் சொன்னாள். சிரிக்கத் தொடங்கிய ஜெபகுமார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“அது அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால தானா வெக்கிற ரெண்டு செகண்டுமா. அதை ஜீரோ பண்ணி, மொத்த சிடியையும் நிறுத்தாம எழுதினா கேப் வராது. சரி, வுடுங்க. திரும்ப வெச்சுடறேன்.”

“ஊரு முன்னால நின்னு நின்னு பாடுமே. உங்க செட்டைத்தானே சொல்லுவாங்க?”

“பொண்ணுங்க காலுக்கு எது தெரியுமோ அதைத்தான் போடணும்,” என்று மொபெட்டை உதைத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வட்டோடு திரும்பிவிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் இடைவெளியில் ஒலிபெருக்கி அடங்கியதும் கூட்டத்தில் விசில் பறந்தது. “செட்டு அவுட்டுடா!” விழாக் குழுத் தலைவர் கலியாணசுந்தரம் விறுவிறுவென்று வந்தார். மேடையோரம் நின்ற கலைவாணிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“ஏன்யா ஜெபகுமார், மானத்தை வாங்கறே?”

“பிளேயர் எகிறுதுங்க. என் தப்புதான். ஆனா பொண்ணுங்களைப் பாருங்க, அசரலை.”

மூன்றாம் இடைவெளியில் தெரு அடங்கியது. பாட்டில்லாத அந்த இரண்டு விநாடியில் பன்னிரண்டு ஜோடிச் சலங்கையும் ஒன்றாக ஒலித்தன. அதற்குப் பிறகு ஜனங்கள் அந்த இடத்துக்காகவே காத்திருந்து கை தட்டினார்கள்.

“செட்டு நின்னுபோயும் நம்ம பொண்ணுங்க நிக்கலையே!” என்று எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொல்லி மாய்ந்தார் கைலாசம். கூடத்துக்குத் தறி திரும்பவில்லை. அடுத்த ஆண்டு விழாவுக்கு ஒலிபெருக்கி வாலாஜாபாத்திலிருந்து வந்தது.

கலைவாணி கடைக்குப் போனாள். “நான் குழுவில உண்மையைச் சொல்லிடறேன் அண்ணா.”

“சொல்லி? செட்டு கெட்டும் ஆடினாங்கன்னுதான் உங்கப்பா எடத்தை வுட்டாரு. கம்முனு போயி கிளாஸ் எடுங்க டீச்சர்.”

இப்போது சிடி கேட்டு யாரும் வருவதில்லை; ஜெபகுமார் கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வைக்கிறார். கலைவாணி விழாக் குழுவிலேயே உறுப்பினர். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பங்குனி மேடை மறுபடி அவருடையது. சொல்லச் சொல்லி அவர் கேட்டதே இல்லை. சென்ற தையில் ஓர் உறவுக்காரர் கல்யாணத்தில் கைலாசம், மகள் பக்கத்திலிருக்கவே, செட்டு வைக்க வந்திருந்த ஜெபகுமாரை வம்புக்கு இழுத்தார்.

“என்னப்பா, இன்னிக்காவது எகிறாம பாடுமா?”

“எகிறினாதானேய்யா உங்களுக்குத் தூக்கம் தெளியும்!” என்று சிரித்தார் ஜெபகுமார். கலைவாணியின் பக்கம் திரும்பாமல், குனிந்து ஒயரைச் சுற்றத் தொடங்கினார்.